கரட்டில் காய்ந்த மிளகாய்

மதுரையில் எங்கள் வீட்டுக்கு மாடி கட்ட வந்திறங்கிய ஜல்லிக் குவியலில் தண்ணீர் தெளித்ததும், ராசிங்காபுரம் பக்கம் எங்கள் ஊர்க் கரட்டுக் குன்றின் பாறையில் முதல் தூறல் விழும்போது எழுகிற வாசனை வந்தது. "நம்ம ஊருப் பக்கத்துக் கல்லுதாண்ணே," என்றார் லாரி டிரைவர்.

அந்தத் தட்டைப் பாறையில்தான் ஊரே மிளகாய் காயப்போடும், நாங்கள் சூடு பொறுக்காமல் குதித்துக் குதித்து ஓடுவோம், குரங்கணி மலைப் பக்கம் மேகம் கறுத்தால் முதலில் பார்த்தவர் "மழ வருது, வெரசா அள்ளுங்க" என்று கத்த, யாருடையது என்று கேட்காமல் கைக்கு அகப்பட்டதை எல்லாரும் அள்ளி வந்து ஒரே வீட்டில் கொட்டி, மழை விட்டதும் உத்தேசமாகப் பிரித்துக்கொள்வோம்.

இப்போது அங்கே குவாரிப் பள்ளம்தான் இருக்கிறது. அந்தக் கல்லில் போட்ட அகலச் சாலை வழியாகத்தான் நெஞ்சுவலி வந்த அம்மாவை மதுரைக்குக் கொண்டுவந்து காப்பாற்றினோம். அதனால் குவாரியைத் திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை.

தேறி ஊருக்கே திரும்பிவிட்ட அம்மாவுக்குப் போன் போட்டு, அந்த வாசனையையும் கத்தலையும் நினைவுபடுத்தினேன்.

"இப்பவும் கத்துறாங்க அப்பு. வெடி வைக்கப் போறோம், எல்லாரும் வீட்டுக்குள்ள போங்கன்னு."

"இன்னொரு லோடு கொண்டாரவாண்ணே?" என்றார் டிரைவர்.

அம்மாவுக்குக் கேட்காதபடி போனைப் பொத்திக்கொண்டு, சரியென்று தலையை ஆட்டினேன்.