உப்பளச் சாலையில் ஒருவன்

என் அக்காவுக்கு நேர்வழி என்றாலே ஆகாது. நாற்பது நிமிடத்தில் போகிற இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் சுற்ற விடுவாள். நான் அமில டேங்கர் ஓட்டுகிறவன். எந்தச் சாலையில் போகவேண்டும் என்று ஆபீஸில் உட்கார்ந்து தீர்மானிக்கிறவள் அவள். சின்ன வயதில் வீட்டில் என்னை ஆட்டிவைத்தது போதாதென்று வேலையிலும் அவள் ராஜ்யம்தான்.

அவள் கணினியில் ஊர் முழுக்க வரைபடமாக இருக்கும். ஒரு சாலையைத் தொட்டால், அங்கே டேங்கர் கவிழ்ந்தால் புகை எதுவரை பரவும், அதற்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று மென்பொருள் எண்ணிச் சொல்லும். குறைந்த எண்ணிக்கை வரும் பாதைதான் எங்களுக்கு. அதையும் அவள் அப்படியே நம்பமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பி, புதிதாக முளைத்த டியூஷன் சென்டர், முதியோர் இல்லம் எல்லாம் பார்த்து வந்து வரைபடத்தில் புள்ளி வைப்பாள். நான் கிண்டல் செய்தால், "வாயை மூடிட்டு ஓட்டுடா. சேர்ந்ததும் போன் பண்ணு" என்பாள். நான் ஒருநாளும் பண்ணியதில்லை.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். பாதைச் சீட்டு வாங்க நானும் மேசையருகே நின்றிருந்தேன். அக்கா எழுதிய பதினோரு வருடப் பாதைச் சீட்டு நகல்களைப் புரட்டியவர் முகம் சுளித்தார்.

"ஏம்மா, மென்பொருள் சொன்னதைவிட ஒவ்வொரு தாள்லயும் ஆள் கணக்கு ஒண்ணு கூடுதலா இருக்கே?"

அவர் ஒரு தாளை உருவி மேசையில் வைத்தார்.

"இதைப் பாருங்க, உப்பளச் சாலை. ஒரு குடிசைகூட இல்ல. மென்பொருள் பூஜ்யம்னு சொல்லுது. நீங்க கையால ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இப்படித் தப்பா எழுதறவங்களை இந்த வேலையில வச்சிருக்க முடியாது."

அந்த வேலைதான் அவளுக்கு உயிர். "ஏதோ கவனப்பிசகு சார்" என்று குறுக்கே விழுந்தேன்.

"பிசகு இல்ல" என்றாள் அக்கா. "அங்க வீடு இல்லதான் சார். வண்டியை ஓட்டிட்டுப் போறவன் இருக்கான்ல?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்க தம்பி வண்டிக்கு மட்டுமா?"

"எல்லா வண்டியிலயும் ஒருத்தன் இருக்கானே, சார்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு படிவத்தின் அடியில் 'ஓட்டுநர்' என்று ஒரு புதுக் கட்டம் போட்டு, கையெழுத்திட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு உப்பளச் சாலைதான். பதினோரு வருடமாகப் பாதையை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் திணித்த சீட்டை, வண்டியில் ஏறி முதல்முறையாக முழுதும் படித்தேன். பாதிக்கப்படக்கூடியவர்கள்: 1. அவளுடைய குண்டுக் கையெழுத்து.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினேன். "வந்துட்டேன்கா."

"சரி" என்றவள், வெகுநேரம் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.