பழைய கடிதத்தின் மேல் புதுக் கடிதம்

எங்கள் பட்டுக்கடையில் நெசவாளருக்கு ஆர்டர் கடிதம் அடிப்பவள் நான். தறியில் பழைய பாவு நூலின் நுனியிலேயே புதுப் பாவு நூலை முடிச்சுப் போடுவதுபோல, கம்ப்யூட்டரிலும் பழைய கடிதத்தைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றிவிடுவேன். ஒருமுறை நிறத்தை மாற்ற மறந்தேன். முந்தைய கடிதம் கோயில் சரஸ்வதிக்கான வெள்ளைப் புடவைக்கு.

முகூர்த்தத்துக்கு மூன்றே நாள். அரக்குப் புடவை கேட்டிருந்த கல்யாணப்பெண் எங்கள் கடையில் பெட்டியைத் திறந்தாள். வெள்ளை.

"காலி ஃபாரம் ஒண்ணு போட்டு வெச்சிக்கினு அதுல அடிங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, அத்தே!" என்றாள் மருமகள்.

"மூணாங்கிளாஸ் படிச்சவளுக்கு கம்ப்யூட்டர் குடுத்தியே, உன்ன உதைக்கணும்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாளில் எந்தத் தறியிலும் இன்னொரு புடவை நெய்ய முடியாது. அந்தப் பெண் பெட்டியை மெதுவாக மூடிவிட்டு, எதிர்க்கடைக்கு நடந்தாள்.