பேர் கேட்கும் அக்கா

"போன வருஷம் குழந்தைங்க நாடகம் போட்டீங்களே, அதுல ஒரு படம் எடுத்துக் காட்டுங்க, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்படி ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லித்தான் அவர் பேச்சைத் தொடங்குவார். அப்புறம் வாயே திறக்க மாட்டார். எதிரே இருப்பவர் கம்ப்யூட்டரில் 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'தொடாதே' என்று ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கிப் போய், நெற்றி வியர்த்து, "நேத்து கூட இங்கதாங்க இருந்துச்சு" என்று சொல்லும்வரை தேநீரை ஊதி ஊதிக் குடிப்பார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் பையிலிருந்து அவருடைய லேப்டாப் வெளியே வரும்.

நாடகக் குழு, இசைப்பள்ளி, சின்ன நூலகம், தொண்டு நிறுவனம் என்று படங்களையும் ஒலிப்பதிவுகளையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவிட்டு, எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விழிப்பவர்கள் அக்காவைக் கூப்பிடுவார்கள். எந்தக் கம்பெனியிலும் அவர் வேலையில் இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போவார், ஒழுங்கு பண்ணிக் கொடுப்பார், கிளம்பிவிடுவார். விசிட்டிங் கார்டில் 'மின்னாவண ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கிறார். அது யார் வாயிலும் நுழையவில்லை. "என் மருமக கம்ப்யூட்டருக்கு ஒட்டடை அடிக்கிறா" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார், அதுதான் நிலைத்தது.

உறவுக்காரர்களுக்கு அவர் 'பேர் கேட்கும் அக்கா'. குடும்பத்தோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துவிட்டால் போதும், இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு அங்கேயே குறித்துக்கொள்வார். சொந்தச் சித்தப்பாவிடமே "உங்க முழுப் பேர் என்ன சித்தப்பா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். "எங்க கல்யாணப் படத்துல எம் பேரையும் எழுதி வெச்சிருக்கா. மறந்து போயிட்டா என்ன பண்றதுன்னு பயம்போல" என்பார் கணவர்.

இப்போது அவரைக் கூப்பிட்டிருந்த இந்த நாடகக் குழுவின் பழைய படங்களை அருங்காட்சியகம் ஒன்று ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: படத்தில் இருப்பவர்களின் பெயர் இருக்க வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது.

குழுவின் இயக்குநர் பெரியவர். பக்கத்தில் இருப்பவரிடமும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவார். "எல்லாத்தையும் ஏத்துங்கம்மா. அந்த ஆளு பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது" என்றார்.

"எந்த ஆளு சார்?"

"அதான்... அந்த ஆளு."

மூலையில் தைத்துக்கொண்டிருந்த உடையலங்காரக்காரம்மா தலையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதாங்க இந்தக் குழு. கூட்டாளி பிரிஞ்சு போய் வேற குழு வெச்சுட்டாரு. அன்னையிலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. ரெண்டு இடத்துக்கும் நான்தான் தைக்கிறேன்."

அக்கா வாதாடவில்லை. "பக்கத்துல உட்கார்ந்து யார் யாருன்னு சொல்லுங்க சார், நான் டைப் அடிக்கிறேன்" என்றார்.

முதல் படம், ராஜா வேஷம். "இது நான். இது மந்திரி. இது..." இயக்குநர் கனைத்துக்கொண்டார். "அடுத்தது."

அக்கா 'தெரியவில்லை' என்று அடித்தார். அடுத்த படத்திலும் அதே முகம், அதே 'தெரியவில்லை'. அதற்கடுத்ததிலும். இயக்குநர் நாற்காலியில் நெளிந்தார்.

"என்னம்மா, தெரியவில்லை தெரியவில்லைன்னு போட்டுக்கிட்டே போறீங்க?"

"கட்டம் காலியா இருந்தா அடுத்த படத்துக்குப் போக மாட்டேங்குது சார்."

"இவனைத் தெரியாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? மூச்சு விடாம மூணு பக்க வசனம் பேசுவான்! தெரியவில்லையாம்!" மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "போட்டுத் தொலைங்க பேரை. பக்கத்துலயே ஓடிப்போனவன்னும் போடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

பெயர் மட்டும் ஏறியது. அக்கா சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது குதிரை வந்தது. துணியால் தைத்த குதிரை. உள்ளே இரண்டு பேர். முன்னங்கால் ஒருவர், பின்னங்கால் ஒருவர். முகம் யாருக்கும் இல்லை.

"முன்னாடி நான். பின்னாடி அவன்" என்றார் இயக்குநர், சட்டென்று.

மூலையில் தையல் இயந்திரம் நின்றது. உடையலங்காரக்காரம்மா நூலைப் பல்லால் கடித்தபடி கூரையைப் பார்த்தார்.

அக்காவின் விரல் விசைப்பலகைமேல் நின்றுவிட்டது. பேசாமல் அடித்துவிட்டுப் போகலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கிழவர் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் இத்தனை படங்களும் பெட்டிக்கே திரும்பிப் போகும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஒருத்தர் சொன்னா எனக்குப் பத்தாது சார். உள்ளே இருந்த இன்னொருத்தரையும் கேட்டுடுவோம்" என்று உடையலங்காரக்காரம்மாவிடம் கூட்டாளியின் நம்பர் வாங்கி, தன் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். இயக்குநர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா விஷயத்தைச் சொன்னதும் போனில் ஒரு கரகரத்த குரல்: "குதிரையா? முன்னாடி நான்தாங்க. பின்னாடி இருந்தவரு..."

"டேய்! யாருடா பின்னாடி?"

ஜன்னல் பக்கமிருந்து வந்த அந்தக் கத்தலில் அக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. கூட்டாளி போனை வைத்துவிட்டாரோ?

"நீதான்டா!" என்றது போன். "குனிய மாட்டேன்னு உள்ளே நிமிர்ந்து நின்னவன் நீதானே? பிள்ளைங்க எல்லாம் ஒட்டகம் ஒட்டகம்னு கத்துச்சே!"

"நீ காலை மாத்தி வெச்சே, அதனால நிமிர்ந்தேன்!"

"அப்போ பின்னாடி நீதான்னு ஒத்துக்கிறே!"

இயக்குநர் நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிடா, அந்த ராஜா நாடகத்துல கிரீடத்தைத் தொலைச்சது யாரு? அதைச் சொல்லு முதல்ல!"

போனின் திரையில் சார்ஜ் சிவப்பாகிக்கொண்டிருந்தது. அறையில் இருந்தது ஒரே ஒரு சாக்கெட். அக்கா சத்தமில்லாமல் எழுந்துபோய், அதிலிருந்து தன் லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டு, போனைச் செருகினார்.