இடக்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில், பொம்மைகளைச் சூளைக்கு அனுப்பும் முன் பிசிறு சீவ வேண்டும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பச்சை மண்ணில் ஒரு கோடு எழும்பி நிற்கும். அதைக் கத்தியால் சீவுவதுதான் எனக்கும், பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கும் வேலை. அக்கா என்றால் சொந்தம் இல்லை. பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர்.

போன வருஷம் கஞ்சி வடிக்கும்போது வலது கையில் ஊற்றிக்கொண்டேன். இரண்டு மாதம் கத்தி பிடிக்க முடியவில்லை. எங்கள் வேலையில் ஒருவர் வராவிட்டால் அடுத்த வாரமே அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். என் இடத்தில் யாரும் உட்காரவில்லை. அக்கா தன் பங்கை முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் என் பங்கையும் சீவி முடித்திருக்கிறார். அதையும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் கத்தி, உடைந்த ரம்ப பிளேடைத் தீட்டித் துணி சுற்றியது. பையைக் கிழித்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஒருநாள் அவர் விரலையே பதம் பார்த்தது. நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மங்கலம்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அக்கா இடக்கைக்காரர். அதனால் கடைக்காரர் எடுத்துப்போட்ட ஒவ்வொன்றையும் இடது கையால் திறந்து பார்த்தேன். ஒன்று ஆடியது. ஒன்று பூட்டிக்கொள்ளாமல் விரல்மேல் மடங்கப் பார்த்தது.

"நீங்க எடக்கையாம்மா?" என்றார்.

"இல்லீங்க பாய். வெச்சிக்கப்போறவங்க எடக்கை."

அவர் உள்ளே போய், கட்டைவிரலால் தள்ளித் திறக்க இரண்டு பக்கமும் குமிழ் வைத்த துருப்பிடிக்காத கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். மெல்லிய அலகு. திறந்ததும் 'டக்'கென்று நின்றது.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். டப்பாவோடு நீட்டினால் பட்டறையே வேடிக்கை பார்க்கும். அதனால் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, கத்தியை மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே பலகையில் வைத்தேன். நாலு வார்த்தை சொல்ல நினைத்தும் சொல்லாமல், தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போல எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டில் பையைத் திறந்தால், சுத்தமான துணியில் சுற்றிய கத்தி சாப்பாட்டு டப்பா மேல் இருந்தது.

எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். என் கையால் ஒன்று வாங்கிக்கொள்ள மனசில்லை போலிருக்கிறது என்று இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார்.

"ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்கற?"

"கத்தி வேணாம்னு திருப்பி வெச்சிட்டீங்களே அக்கா."

அவர் சீவுவதை நிறுத்தினார். "அது எனக்கா? புதுக் கத்திய மறந்து வெச்சிட்டுப் போயிட்டியேன்னு தொடச்சி ஒன் பையில வெச்சேன். கத்திய கையில குடுக்கக் கூடாது, செரி. வாயால சொல்லக் கூடாதுன்னு எந்த ஊருல இருக்குது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பையிலிருந்து கத்தியை எடுத்து மறுபடி பலகையில் வைத்தேன். இந்த முறை எழுந்து போகவில்லை.

"இது ஒங்களுக்குத்தான் அக்கா. நான் இங்க ஒக்காந்து இருக்கறதே ஒங்களாலதான்."

அவர் அதை இடது கையால் எடுத்து, கட்டைவிரலால் குமிழைத் தள்ளினார். டக்கென்று திறந்தது. திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கமும் குமிழ் இருந்தது.

"எடக்கைக்குன்னு பாத்து வாங்கினியா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுக் கத்தியால் சீவ முதல் பொம்மையை எடுத்தார். அதை என் பங்கிலிருந்துதான் எடுத்தார்.