கஸ்தூரியின் முப்பத்தாறு படங்கள்

கஸ்தூரி ஒன்றை நினைத்துவிட்டால் அவ்வளவுதான், அண்ணாமலையாரே இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டித் தையல் கடை வைத்திருப்பவள். இந்தத் தை மாதம் அவள் நினைத்தது ஒன்றே ஒன்று: புருஷன் ராமகிருஷ்ணனின் சிரிப்பைப் படம் பிடித்துவிட வேண்டும்.

அதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. புகையிலையை அடக்கி அடக்கி ராமகிருஷ்ணனுக்குக் கன்னத்தின் உள்ளே புற்று வந்துவிட்டது. கன்னத்தில் ஒரு பகுதியையும் தாடையில் கொஞ்சத்தையும் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் டாக்டர்கள். உயிருக்குப் பயமில்லையாம். முகம் மட்டும் பழையபடி இருக்காது.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் ராமகிருஷ்ணன் இருக்கிறாரே, எடுத்த கையோடு போனைப் பிடுங்கிப் பார்ப்பார். "கறைப் பல்லு இன்னா அசிங்கமா கீது, அழி!" என்பார். அழித்த பிறகுதான் ஓய்வார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்றுகூட மிச்சமில்லை. போதாக்குறைக்கு, போன வருஷம் கஸ்தூரியின் அண்ணன் முருகையன் இறந்தபோது மாட்டுவதற்குப் படமில்லாமல் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். ஸ்டுடியோக்காரர் கோட்டும் டையும் வேறு போட்டுவிட்டார். சட்டைப் பட்டனே போடாத மனுஷன்! அண்ணனின் பேத்தி இனியா அதைப் பார்த்து, "இந்த சார் யாரு?" என்று கேட்டாள்.

டவுனில் பிரசாத்தின் கடையில், வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போகும் சாமான்கள் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தான் அவன்.

"அக்கா, இது டிஜிட்டல். எடுத்ததும் பின்பக்கத் திரையில தெரியும், புடிக்கலன்னா அழிச்சுக்கலாம். அது பழைய ரோல் கேமரா. முப்பத்தாறு படம்தான். சென்னைக்கு அனுப்பிக் கழுவி வர ரெண்டு வாரம் ஆவும். அதுவரைக்கும் எப்படி வந்துக்குதுன்னே தெரியாது, அழிக்கவும் முடியாது. டிஜிட்டலே எடுத்துக்கோங்க."

"அழிக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"அப்ப அதையே குடு."

பிரசாத் தலையில் அடித்துக்கொண்டு ரோலை மாட்டிக் கொடுத்தான்.

புதுப்பொருள் எது வந்தாலும் சாமி முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் கஸ்தூரி தொடமாட்டாள். தையல் மிஷின், கிரைண்டர், மொபெட் எல்லாம் பொட்டு வாங்கியவைதான். கேமராவின் முகப்பிலும் வட்டமாகக் கண்ணாடி பதித்து, பொட்டுக்கென்றே செய்ததுபோல் ஓர் இடம் இருந்தது. வைத்தாள், பதவிசாக, நட்ட நடுவில். கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை தனியாக மேலே இருந்ததால் அவளுக்கு எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து மனுஷனை விடாமல் விரட்டினாள். டீ குடிக்கும்போது, மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, குளித்துத் தலை துவட்டும்போது. அவரோ கேமராவைக் கண்டாலே துண்டால் வாயைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"மாட்டறதுக்கா எடுக்கற? ஆபரேஷனுக்கு முன்னாடியே மாலையும் போட்டுடு!" என்று ஒருநாள் கத்தினார்.

கஸ்தூரிக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. "நீங்க இருப்பீங்க, அது எனக்குத் தெரியும். இந்தச் சிரிப்பு இருக்காதே. அது எனக்கு வேணும்" என்றாள். அழுதுகொண்டே பட்டனை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முதல் நாள். இருபத்தொன்பது படம் முடிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர் எதிரே போய் நின்றாள். அலுத்துப்போனாரோ என்னவோ, அன்றுதான் ராமகிருஷ்ணன் கேமராவை நேராகப் பார்த்தார்.

"ஏ கஸ்தூரி, இன்னா அது, கண்ணு மேலயே அப்பி வச்சிருக்க?"

"எது?"

"அந்தக் கண்ணாடி வழியாத்தாண்டி படம் புடிக்கும்! பொட்டு வச்சு அத்தக் குருடாக்கிட்டியே! இத்தினி நாளா என்னை ஓட ஓட விரட்டி..."

மேலே பேச முடியவில்லை அவருக்கு. துண்டு நழுவி விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கறைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். கஸ்தூரியை வெட்கமும் ஆத்திரமும் பிடுங்கித் தின்றன. ஆனால் கை சும்மா இருக்குமா? முந்தானையால் அழுத்தி ஒரு துடைப்பு. மிச்சமிருந்த ஏழையும் எடுத்துத் தீர்த்தாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து இரண்டு வாரம் கழித்து, பிரசாத் படங்களை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தான். இருபத்தொன்பதில் வெறும் செம்மஞ்சள் மங்கல். மிச்ச ஏழில் ஆறு, கை ஆடிக் கலங்கிப்போயிருந்தன. ஒன்றில் அந்தச் சிரிப்பு விழுந்திருந்தது, அச்சு அசலாக.

கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்தவரிடம் அதை நீட்டினாள். பேசக் கூடாது என்பதால் தலைமாட்டில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்கள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். என்ன எழுதப் போகிறார் என்று கஸ்தூரிக்குத் தெரியாதா?

"அழிக்கல்லாம் முடியாது, ஆமா!" என்று முந்திக்கொண்டாள்.

அவர் எழுதி முடித்து நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"அழிச்சுடாத."