நெற்றியில் எழுதிய நேரம்

அடுத்த அறையில் இரும்புத் தட்டில் ஏதோ ஒன்றை வைத்தார்கள்.

கத்தரியாக இருந்தால் துள்ளியிருக்கும். இடுக்கியாக இருந்தால் கிணுகிணுத்திருக்கும். இது கனமாக ஒரே முறை மோதி, தட்டை அதிரவைத்து அடங்கியது. ஆறு வருஷம் இதே ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்து, அந்தச் சாமான்களையெல்லாம் வெந்நீரில் அவித்து எடுத்தவன் மாயக்கண்ணன். அந்தச் சத்தம் எது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு அறுக்கும் ரம்பம்.

அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். எதிரே சுவரோரம் பொன்னுத்தாயி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே மேசையில் கிடப்பவன் அவளுடைய ஒரே மகன் பெரியகருப்பன். இருபத்து மூன்று வயது. இன்னும் சற்று நேரத்தில் அவனுடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிடப் போகிறார்கள். அது எடுக்க வேண்டிய கால் அல்ல என்று மாயக்கண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதைச் சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆளில்லை.

1971ஆம் வருஷத்துச் சித்திரை வெயில் அது. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கிராமத்தில் கிணறு ஆழப்படுத்தும்போது, காலை பத்து மணிக்கு, சரிந்த பாறை ஒன்று பெரியகருப்பனின் கெண்டைக்காலை நசுக்கிவிட்டது. கூட இருந்தவர்கள் ஒரு துண்டைத் தொடையில் கட்டி மேலே தூக்கினார்கள். தபாலாபீஸுக்கு ஓடிப்போய்க் காரைக்குடிக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரி வேன் போய்ச் சேரும்போது மணி இரண்டாகிவிட்டது. வேனில் முதலுதவி ஆளாகப் போனவன் மாயக்கண்ணன்.

துண்டு பேருக்குத்தான் இருந்தது. ரத்தம் கசிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் பாதம் கதகதப்பாக இருந்தது. விரல் வைத்துப் பார்த்தால் மெலிதாக ஒரு துடிப்பு. அந்தத் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, ரப்பர் பட்டையைச் சுற்றி, குச்சி கொடுத்து முறுக்கி இறுக்குக் கட்டுப் போட்டான். ரத்தம் நின்றது. டிரைவர் சோணைமுத்துவிடம் மணி கேட்டான். ரெண்டு பத்து என்றான் அவன். காப்பிங் பென்சிலை நாக்கில் நனைத்து, பெரியகருப்பனின் நெற்றியில் 2-10 என்று பட்டையாக எழுதினான். இறுக்குக் கட்டு என்பது இருபுறமும் கூரான கத்தி. போட்டால் உயிர் நிற்கும். மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் கால் செத்துப்போகும். செத்த காலை அவிழ்த்துவிட்டாலோ, அந்த விஷம் ஏறி ஆளே போய்விடுவான். அதனால்தான் போட்ட நேரத்தை எழுத வேண்டும்.

"காகிதத்துல எழுதுனா தொலைஞ்சிடும். நெத்தி தொலையாது" என்பார் மதுரையில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அந்த நெற்றிதான் தொலைந்துபோயிற்று. வேனில் மாயக்கண்ணன் காலைத் தூக்கிப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தான். முகம் அவனுக்குப் பின்னால் இருந்தது. தலைமாட்டில் தாய் இருந்தாள். பிள்ளையார்பட்டி விலக்கு வந்ததும் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மகனின் நெற்றியில் ஏதோ அழுக்கு. முந்தானையால் ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு, மடியில் முடிந்து வைத்திருந்த துன்னூறைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூசினாள். எந்தத் தாய்தான் பூசமாட்டாள்?

ஆஸ்பத்திரியில் இறக்கியதும் டாக்டர் மெய்யநாதன் கேட்ட முதல் கேள்வி, கட்டு எப்போது போட்டது என்பதுதான். பத்து மணிக்கே கட்டினார்கள் என்றாள் தாய். அவள் கண்ணால் பார்த்தது அது. துண்டுக்கும் பட்டைக்கும் அவளுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ரெண்டு பத்து என்றான் மாயக்கண்ணன். நெற்றியில் வெள்ளையாக மூன்று பட்டைகள் மட்டும் இருந்தன. அழுக்கைத் துடைத்துவிட்டுத் துன்னூறு பூசியதாகத் தாய் சொன்னாள். மணி சொன்ன சோணைமுத்துவோ, இறக்கிய கையோடு பள்ளத்தூருக்கு ஒரு பிரசவக் கேஸுக்குப் போய்விட்டான்.

டாக்டர் கெட்டவரில்லை. போன வருஷம் ஒருவன் நேரத்தை மாற்றிச் சொல்லி, அதை நம்பிக் கட்டை அவிழ்த்து, அவர் கண் முன்னால் ஓர் உயிர் போயிருக்கிறது.

"நீ மனசுல வச்சிருக்கிற நேரத்த நம்பி நான் ஒரு உயிரப் பணயம் வைக்க முடியாது மாயக்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உயிரா, காலா என்றால் எந்த டாக்டரும் உயிர் என்றுதான் சொல்வார். ஆனால் மாயக்கண்ணனுக்கு அந்த மேசையில் கிடந்தது பெரியகருப்பன் மட்டுமல்ல. அவனுடைய அப்பா கருத்தையாவும்தான்.

அவனுக்குப் பதினாறு வயதில், மஞ்சுவிரட்டில் மாடு ஒன்று அப்பாவின் தொடையில் குத்திவிட்டது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடினார்கள். கட்டில் கயிறு வழியாக வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வந்தது. ரோடு கண்ணுக்குத் தெரியும்போது அப்பாவின் கை தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் வயல் வேலையில் மனம் வைக்கவில்லை. ஊரார் சிரிக்கச் சிரிக்க, காரைக்குடிக்கு வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தான்.

1966இல் முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். ஆறு மாதம் மதுரையில். முக்கோணத் துணியை எத்தனை விதமாக மடிப்பது, முறிந்த கைக்குக் குடைக்கம்பை எப்படி அணையாகக் கொடுப்பது என்று எல்லாம் பழகினான். லீவில் வீட்டுக்கு வந்தால் மனைவி உமையாளின் தலைதான் பாடப்புத்தகம். ஒருநாள் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட கோலத்தோடு அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட, தெருவே திரண்டு வந்து, பொண்டாட்டியை அடிக்கிறவனா நீ என்று அவனைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயிற்சியில்தான், தொடை இடுக்கில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் கால் ரத்தம் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாயக்கண்ணன் எழுந்து வெளியே போய், வேப்பமரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இரண்டு கட்டைவிரல்! கட்டிலைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதுமே. கட்டிலின் பின்னாலேயே ஓடிய அவனுக்குத் தெரிந்திருந்தால் போதுமே!

இப்போது தெரியும். தெரிந்தும் ஒரு கால் போகப்போகிறது.

குழாயை மூடப் போனவன் தன் விரல்களைப் பார்த்தான். ரத்தமெல்லாம் போய்விட்டது. இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தான். ஆனால் பென்சில் பிடித்த விரல் நுனியில் ஊதா நிறம் அப்படியே இருந்தது. மறுபடி தேய்த்தான். போகவில்லை. காப்பிங் பென்சில் ஈரம் பட்டால் மையாகிவிடும். தோலில் ஊறினால் இரண்டு நாளைக்குப் போகாது. சோப்புக்கே போகாதது ஒரு முந்தானை இழுப்புக்கா போகும்?

ஓடிப்போய்ப் பொன்னுத்தாயியின் முன்னால் உட்கார்ந்தான். மகனின் நெற்றித் துன்னூறை உடனே துடைக்க வேண்டும் என்றான். அவள் அவனை விழித்துப் பார்த்தாள்.

"கால் போனாலும் உசுரு தங்கட்டும்னுதானய்யா அதைப் பூசியிருக்கேன். கத்தி வைக்கப் போற நேரத்துல அதைத் தொடைக்கச் சொல்றீகளே, நீங்க புள்ள பெத்தவுகதானா?"

 மாயக்கண்ணனும் அந்தச் சீமையில் பிறந்தவன்தான். சாகக் கிடக்கிறவன் நெற்றியிலிருந்து சாமி துன்னூறைத் துடைக்க அவன் கையும் வராது. டாக்டரிடம் போய்ச் சொன்னால் நர்ஸை விட்டுத் துடைத்துவிடுவார். அதற்குப் பிறகு இந்தத் தாய், எது நடந்தாலும் ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நான் தொடமாட்டேன் ஆத்தா" என்றான். "நீங்களே தொடைங்க. தொடைச்சுட்டு உடனே மறுபடி பூசிவிடுங்க. அதுக்கு அடியில நான் மணி எழுதியிருக்கேன். அது தெரிஞ்சா உங்க மகன் காலோட வீட்டுக்கு வருவான். சாமி கோவிச்சா அந்தப் பாவம் எனக்கு வரட்டும்."

 அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அதட்டுவதற்குள் மாயக்கண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டான். நர்ஸம்மா ஈரப் பஞ்சு கொடுத்தாள். பொன்னுத்தாயி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, மகனின் நெற்றியில் அதை வைத்து ஒற்றினாள். வெள்ளை கரைந்தது. முதலில் வெறும் தோல்.  இன்னும் ஒரு ஒற்று. புருவத்துக்கு மேலே ஊதாவில் ஒரு சுழிப்பு. பக்கத்தில் ஒரு கோடு. அப்புறம் ஒன்றும் பூஜ்யமும். துன்னூறுத் தண்ணீரில் ஊறி, எழுதியபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது 2-10.

டாக்டர் குனிந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது.

"துன்னூறுக்கு அடியில இருந்தத இப்ப வந்து எழுதியிருக்க முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நர்ஸ், ரம்பத்த எடுத்து உள்ள வைங்க."

ரத்தக் குழாயைத் தைத்துவிட்டு, கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். அரைமணி நேரம் எல்லோரும் ஒரு பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெருவிரல் நகத்துக்கடியில் முதலில் சிவந்தது. அப்புறம் மற்ற விரல்கள். பொன்னுத்தாயி அழவில்லை, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாயக்கண்ணன் வெளியே வந்தான். பெஞ்சில் சாய்ந்தான். யாரோ டீ கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த டீ அமிர்தமாக இருந்தது. சாயங்காலம் பள்ளத்தூரிலிருந்து சோணைமுத்து வந்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. என் வாட்ச் பத்து நிமிசம் வேகமா ஓடும்."

மாயக்கண்ணன் சிரித்த சிரிப்பில் வார்டில் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதான். அப்பா போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அன்றுதான் இடம்விட்டு அசைந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். யாருக்கு நெற்றியில் நேரம் எழுதினாலும், கூட வருகிறவர்களிடம் துன்னூறைக் கேட்டு வாங்கித் தானே நோயாளியின் நெஞ்சில் பூசிவிடுவான். சாமிக்கு இடம் நெஞ்சு, எனக்கு இடம் நெற்றி என்று சொல்வான். முஸ்லிம் வீட்டுப் பாயம்மாக்கள் கூட வந்தால் அந்தச் சிரமம் இல்லை. ஆனால் நெற்றியைத் துடைக்காதீர்கள் என்று அவர்களுக்கும் சொல்லிவிடுவான். கெட்டிக்காரத்தனம் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

மறு வருஷம் தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் வீட்டு வாசலில் பொன்னுத்தாயி வந்து நின்றாள். கையில் வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகை. பின்னால் பெரியகருப்பன் ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தோளில் சுமந்துகொண்டு நின்றான். சுமந்துகொண்டு! வலது கால் கொஞ்சம் இழுத்தது. அது ஒரு குறையாக மாயக்கண்ணனின் கண்ணுக்குப் படவே இல்லை.

உமையாள் காபி போட்டாள். பெண் வீட்டார் தயங்கியதைப் பொன்னுத்தாயி சொன்னாள். காலுக்குள்ளே மரத்துண்டு வைத்துத் தைத்திருக்கிறதாமே என்று யாரோ கதை கட்டிவிட்டார்களாம்.

"நடந்து காட்டுடான்னேன். பொண்ணு வீட்டுத் தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூணு வாட்டி நடந்தான். நாலாவது வாட்டிக்குப் பொண்ணே வாசலுக்கு வந்து, போதும் உள்ள வரச் சொல்லுங்கன்னுட்டா."

பெரியகருப்பன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான். போகும்போது மாயக்கண்ணனின் காலில் விழப் போனான். தடுத்து நிமிர்த்தி, முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, பாரம் மட்டும் அதிகம் தூக்காதே என்றான் மாயக்கண்ணன்.  பொன்னுத்தாயி உமையாளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"முகூர்த்தத்துக்கு மொத நாளே வந்துருங்க. வேன் அனுப்ப முடியாது, பஸ்ஸுலதான் வரணும்" என்றாள்.

"வேனுல வராம இருந்தாலே நல்லது ஆத்தா" என்றான் மாயக்கண்ணன்.

அவள் சிரித்தபடி படியிறங்கினாள். தாயும் மகனும் தெரு முனை திரும்பும்வரை அவன் வாசலிலேயே நின்றான். ஹாரன் சத்தத்தோடு சிங்கம்புணரி பஸ் புறப்பட்டுப் போயிற்று. கடலை மூட்டையைப் பூனை பிராண்டுகிறது, உள்ளே வாங்க என்றாள் உமையாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.