டீக்கனுக்காக நிமிர்ந்த கொடி

லொரெட்டா திபடோ இருபத்தாறு வருடங்களாக எங்கள் மலைச் சாலையில் தபால் கொடுக்கிறாள். ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும் காரில் வலதுபக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இடது கையையும் இடது காலையும் நீட்டி வண்டியை ஓட்டுவாள். வலது கை சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போட்டுக்கொண்டே வரும். இடுப்பளவு பனி கொட்டிய நாளிலும் ஒரு பெட்டியைக்கூட விட்டதில்லை. அப்படிப்பட்ட கெட்டிக்காரி, தன் கிழட்டுப் பூனை டீக்கன் விஷயத்தில் மட்டும் சுத்த அசடு.

டீக்கனுக்குத் தோலில் கட்டி வரும். மறையும், மறுபடி வரும். முதுகில் ஒன்று, தாடையில் ஒன்று. இரண்டு வருடம் முன்பு ஒன்றை அவளே பிதுக்கிவிட்டு, சீழ் பிடித்த பூனையைத் தபால் பைக்குள் வைத்து எங்கள் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தாள். வரவேற்பு மேசையில் இருப்பவள் நான்.

"பிதுக்கச் சொன்னது யாருடீ? அது என்ன உன் மூஞ்சிப் பருவா?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு கை வைப்பதில்லை. புதுக் கட்டி வந்தால் அடிக்கோலால் அளந்து நோட்டில் எழுதிவைப்பாள்.

இந்தத் தடவை வந்தது வேறு மாதிரி. காதுக்குப் பின்னால், கருநீலமாக, கெட்டியாக இருந்தது. டாக்டர் ஹாஸ்கல் அதை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற்றாகவும் இருக்கலாம் என்று அவர் சொன்னதும் லொரெட்டா பூனையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கும் ஒரே உயிர் அது.

முடிவு வியாழக்கிழமை வரும். மலையில் போன் எடுக்காது. அவளே ஒரு வழி சொன்னாள்.

"டாக்டர், பதினோரு மணிக்கு நான் இந்தப் பக்கம் வருவேன். நல்ல சேதின்னா உங்க தபால் பெட்டிப் பக்கத்துல மடிஞ்சு கிடக்கற தகரக் கொடியை நிமித்தி வைங்க. இல்லேன்னா அப்படியே விட்டுடுங்க. மிச்ச வீட்டுக்கெல்லாம் குடுத்துட்டு வந்து அழுதுக்கறேன்."

வியாழன் காலை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு மணிக்குப் பின்னறையில் ஒரு நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வளைவிலிருந்தே ஹார்ன் அலறியது. நாயை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். லொரெட்டா காரை விட்டுக் குதித்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"கொடி நிமிந்திருக்குடீ, பெர்னி! நிமிந்திருக்கு!"

எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் எங்கள் பெட்டியைத் திறந்து எடுத்த உறை அதில் இருந்தது. எங்கள் மின்கட்டண உறை. காலையில் நான் போட்டது. போட்டுவிட்டு, தபால் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிவதற்காக, எப்போதும்போலக் கொடியை நிமிர்த்தியதும் நான்தான். கொடியே அதற்குத்தானே இருக்கிறது! தினமும் அதைப் பார்த்துப் பெட்டி திறக்கிறவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாசமாய்ப் போன புத்தி.

"லொரெட்டா... அதை நிமித்தினது நான். அந்தக் கவருக்காக."

அவள் பிடியை விட்டாள். "அப்போ சேதி?"

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. டாக்டர் கையில் காகிதத்தோடு ஓடிவந்தார்.

"வந்துட்டீங்களா? வெறும் நீர்க்கட்டி! புற்று இல்ல! பத்து நிமிஷம் முன்னாடி கொடியை நிமித்தலாம்னு ஓடினேன், அது ஏற்கெனவே நிமிந்து நிக்குது. அதுக்கு மேல எங்க நிமித்தறது?"

லொரெட்டா அலறிய அலறலில் நகம் பாதி வெட்டிய நாய் மேசைக்கடியில் புகுந்துகொண்டது.

"ஆனா மறுபடியும் வரும். சொல்லிட்டேன்," என்றார் டாக்டர். "வந்தா இங்க கொண்டு வாங்க. பிதுக்காதீங்க."

"வரட்டும் டாக்டர்! வருஷா வருஷம் வரட்டும்! அதுவும் இருக்கும், நானும் தூக்கிட்டு வருவேன்!"

அழுதுகொண்டே சிரித்தபடி காரில் ஏறி, ஹார்ன் அடித்துக்கொண்டே போய்விட்டாள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலி. எங்களுக்குக் கொடுக்க வேண்டிய தபால் கட்டு அவள் காரிலேயே போயிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் விட்ட முதல் பெட்டி எங்களுடையதுதான்.